பன்னிரண்டாம் தேதிக்குத் தாவிய கெடு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு கிளெமன்ட் ராடோவிச் தன் முப்பத்தோரு வருட நாணயத்தை ஒரு ஷூ பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்து வெர்னா கோஸ்டெல்னிக்கின் மேஜைமேல் வைத்தார். பெட்டியைச் சுற்றி ரப்பர் வளையம். வெளியே ஒஹாயோவின் டிசம்பர் மழை, பனியாக மாறலாமா வேண்டாமா என்று யோசித்தபடி ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது.

"உள்ள ஷூ இருந்தா பத்தாம் நம்பரா சார்? என்னோடது பிஞ்சு போச்சு" என்றான் டெஸ்மண்ட் டாலிவர். வெர்னாவின் உதவியாளன். முப்பத்தெட்டு வயது. வாயை மூடச் சொன்ன மூன்று வேலைகளை விட்டுவிட்டு, வாய்க்காகவே சம்பளம் கிடைக்கும் இந்த வேலைக்கு வந்தவன்.

கிளெமன்ட் சிரிக்கவில்லை. எழுபத்தாறு வயது. இரும்பாலையில் கிரேன் ஓட்டியே தேய்ந்த தோள்கள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"நாளன்னிக்கு வியாழக்கிழமை பத்து மணிக்குக் கோர்ட்டு. என் மேல கேஸ் இல்லம்மா. என் மூளை மேல கேஸ்" என்றார்.

கோட்டுப் பையிலிருந்து நீதிமன்றத் தாள்களை எடுத்து நீட்டினார். கிளெமன்ட் ராடோவிச் தன் காரியங்களைத் தானே கவனித்துக்கொள்ளும் நிலையில் இல்லை, ஆகவே அவருக்கு ஒரு காப்பாளரை நியமிக்க வேண்டும் என்று மனு. கையெழுத்து, அரிசோனாவில் இருக்கும் அவருடைய அண்ணன் மகள் கொலீன். ஆதாரம், ஹார்மன்-லைல் கடையின் கடன் கார்டில் மூன்று மாதமாகத் தொடர்ந்து விழுந்த தாமதக் கட்டணம்.

"இதுக்கா? கடை கார்டுல லேட் ஃபீஸ் விழுந்தா மூளை கெட்டுப்போச்சுன்னா, இந்த ஊர்ல பாதிப் பேரைக் கட்டிப் போடணும். முதல்ல என்னை" என்றான் டெஸ்மண்ட்.

"காப்பாளர் வந்துட்டா என்ன ஆகும்னு தெரியுமா தம்பி? வீட்டை அவங்க விப்பாங்க. பேங்க் கணக்கு அவங்க கைக்குப் போயிடும். நான் எந்தக் கட்டில்ல படுக்கணும்னு அவங்க சொல்லுவாங்க. ஒரு டோனட் வாங்கணும்னாகூட நான் கேட்டுட்டுத்தான் வாங்கணும்." பெட்டியின் ரப்பர் வளையத்தை இழுத்து விட்டார். "என் வீட்டு வாசக்கதவை நானே மாட்டினேன். அதை யாரோ வெளியேருந்து பூட்டப் போறாங்க."

வெர்னா பேசாமல் தாளைப் புரட்டினாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு கார்டு கம்பெனியில் வசூல் பிரிவில் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேரைத் தொலைபேசியில் மிரட்டியவள். இப்போது அந்தப் பாவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டிருப்பதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

"இதுல உங்க போன் பேச்சுக் குறிப்பும் இருக்கு. 'சமீபகாலமாகத் தேதிகள் நினைவில் நிற்பதில்லை என்று வாடிக்கையாளர் கூறினார்.' செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மூணு தடவை. சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"மறந்துட்டீங்களா?"

"ஒரு மண்ணும் மறக்கல!" கிளெமன்ட் மேஜையைத் தட்டினார். "அப்படிச் சொன்னாத்தானே ஃபீஸை எடுப்பாங்க? சண்டை போட்டா மேனேஜரைக் கூப்பிடறேன்னு அரை மணி நேரம் பாட்டு போடுவாங்க. மறந்துட்டேன்மான்னு பாவமா சொன்னா உடனே தள்ளுபடி பண்ணுவாங்க. எல்லாரும் செய்யறதுதானே? முதல் மாசம் முப்பது டாலரை எடுத்தாங்க. அப்புறம் ரெண்டு மாசமும் நாப்பத்தொண்ணு, நாப்பத்தொண்ணு. எடுக்கல. வட்டியையும் இருபத்தாறுலேருந்து முப்பத்துமூணு ஆக்கிட்டாங்க."

டெஸ்மண்டுக்குள் குறுகுறுத்தது. போன வருடம் இதே வித்தையை அவனும் இரண்டு முறை செய்திருந்தான். அந்தப் பெண் கட்டணத்தை எடுத்ததோடு பிறந்தநாள் வாழ்த்தும் சொன்னாள். முப்பது டாலருக்காக இந்த நாடே தினமும் தொலைபேசியில் தன்னை ஞாபகமறதிக்காரன் என்று ஒப்புக்கொள்கிறது. அதை யாரோ ஒருவர் பதிவும் செய்துவைக்கிறார் என்பது அன்றுவரை அவனுக்கு உறைத்ததில்லை.

"ஒரே வாக்கியம். மூணு மாசமும் எழுத்து பிசகாம. கிரேன் ஓட்டினவர் 'மறந்துட்டேன்'னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பார். இது உங்க பேச்சு இல்லையே. யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள் வெர்னா.

"யாரும் இல்ல. கார்ல போகும்போது பேச்சுவாக்குல வந்தது."

வெர்னாவின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. ஆனால் ஷூ பெட்டியைத்தான் திறந்தாள்.

உள்ளே ரசீதுகள். வருட வாரியாக அடுக்கி, கிளிப் மாட்டி, பின்னால் பென்சிலில் தேதி எழுதியிருந்தது. அவள் இந்த வருடக் கட்டை எடுத்து விசிறிபோல விரித்தாள்.

"ஒவ்வொரு மாசமும் இருபத்திரண்டு."

"பென்ஷன் இருபதாம் தேதி வரும். இருபத்திரண்டு நேர்ல போய் கவுண்டர்ல கட்டுவேன். கெடு இருபத்தஞ்சு. முப்பத்தோரு வருஷமா இதுதான்."

"லேட் ஃபீஸ் என்னிக்கு விழுந்திருக்கு பாருங்க." வெர்னா மனுவைத் திருப்பிக் காட்டினாள். "செப்டம்பர் பதிமூணு. அக்டோபர் பதிமூணு. நவம்பர் பதிமூணு. ஃபீஸ் எப்பவும் கெடு முடிஞ்ச மறுநாள்தான் விழும். அப்போ உங்க கெடு இருபத்தஞ்சு இல்ல. பன்னிரண்டு."

கிளெமன்ட் மனுவைத் தன் பக்கம் இழுத்துத் தேதிகளைப் படித்தார்.

"நீங்க தாமதமா போகல. உங்களுக்குத் தெரியாம தேதி முன்னாடி நகர்ந்துருச்சு. பில்லு வர்றதா?"

"ஆகஸ்டுக்கப்புறம் வரல. காகிதம் அனுப்பறதை நிறுத்திட்டோம்னு ஒரு கார்டு வந்தது. எனக்கு எதுக்கு பில்லு? தேதிதான் தெரியுமேன்னு விட்டுட்டேன். ஃபீஸ் விழுந்ததே கவுண்டர் ரசீதைப் பாத்துத்தான் தெரியும்."

"கம்பெனி தானா மாத்தியிருக்குமோ?" என்றான் டெஸ்மண்ட்.

"கம்பெனி மாத்தினா ஊருக்கே மாத்தும். இது ஒருத்தருக்காக அளவெடுத்துத் தைச்ச தேதி. யோசிச்சுப் பாரு. பன்னிரண்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவுல பத்து நாள். பத்து நாள் தாமதத்துக்கு என் பழைய ஆபீஸ்ல ஒருத்தரும் போனைத் தொட மாட்டாங்க. முப்பது நாள் ஆனாத்தான் கூப்பிட்டு மிரட்டுவோம். ஃபீஸ் மட்டும் மெஷின்ல தானா விழும். யாரும் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, ஆனா மாசாமாசம் பேர் கெடணும். அப்படி ஒரு தேதியைத் தேடி எடுத்திருக்காங்க. இவர் இருபத்திரண்டுல கட்டறார்னு தெரிஞ்ச ஆளு. தொழில் தெரிஞ்ச ஆளு."

டெஸ்மண்டுக்கு இப்போதுதான் புரிந்தது. திருடன் கதவை உடைத்தால் சத்தமாவது கேட்கும். இவன் காலண்டரில் ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருக்கிறான்.

"கொலீன்தான். மனுவுல கையெழுத்துப் போட்டவளுக்குத்தானே லாபம்? ஒரு டோனட் பந்தயம்" என்றான் மெதுவாக.

கிளெமன்ட் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பொண்ணுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தது நான்" என்றார்.

"கணக்குக்குச் சொந்தக்காரர் நேர்ல வந்து கேட்டா, யார் மாத்தினதுன்னு கவுண்டர்ல எடுத்துக் குடுப்பாங்க" என்று எழுந்தாள் வெர்னா. "போன்ல கேட்டா இன்னொரு குறிப்புதான் எழுதுவாங்க. டெஸ்மண்ட், கார் சாவி."

வண்டி பாலம் தாண்டும்போது அவள் பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கார் இருக்கா கிளெமன்ட்?"

"கண்ணு மங்கலானதும் லைசென்ஸைக் குடுத்துட்டேன். நாலு வருஷமாச்சு."

"அப்போ அந்தப் பேச்சு யாரோட கார்ல வந்தது?"

"முதியோர் மையத்துலேருந்து பெவ்னு ஒரு பொண்ணு வரும். மாசாமாசம் கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரும். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்காது. தங்கமான பொண்ணு."

வெர்னா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். டெஸ்மண்ட் அப்போது சிவப்பு விளக்கையும் டோனட் கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல உதவியாளன்தான், ஆனால் வயிறு அவனைவிடச் சீனியர்.

வணிக வளாகம் செத்துக்கொண்டிருந்தது. பத்தில் ஏழு கடைகளுக்கு இரும்புக் கதவு. நடுக்கூடத்து நீரூற்றில் தண்ணீர் இல்லை. அடியில் யாரோ எப்போதோ வேண்டிக்கொண்டு போட்ட காசுகள் கறுத்துக் கிடந்தன. கூரையிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டு மட்டும் யாருக்கென்று தெரியாமல் ஒலித்தது. கோடியில் ஹார்மன்-லைல் ஒன்றுதான் விளக்கெரிந்தது.

வாடிக்கையாளர் கவுண்டர் இரண்டாவது மாடியில், தலையணை விற்கும் பிரிவுக்குப் பின்னால். மின்படி நின்றுபோய் இருந்ததால் நடந்தே ஏறினார்கள். கவுண்டரில் ஓபல் ஜானிசெக். இருபத்தைந்து வருடமாக அங்கேயே இருப்பவள்.

"என்ன கிளெமன்ட், இன்னிக்குத் தேதி இருபத்திரண்டு ஆகலியே? உங்களைப் பாத்துத்தான் நான் காலண்டரையே கிழிக்கறேன்" என்றாள்.

"பாத்தீங்களா? இவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று டெஸ்மண்ட் வெர்னாவின் காதில் சொன்னான்.

கிளெமன்ட் அடையாள அட்டையை நீட்டி, கணக்கில் இந்த வருடம் நடந்த மாற்றங்கள் வேண்டும் என்றார். ஓபல் தட்டினாள். அச்சு இயந்திரம் முனகியது. ஒரே ஒரு தாள் வந்தது. வெர்னா அதை மேஜைமேல் விரித்தாள்.

"ஆகஸ்ட் இருபத்திரண்டு. இதே கடை, கீழ்த்தளம். கணக்குல ரெண்டாவது ஆளைச் சேர்த்திருக்கு. அதே வாரம் அந்த ரெண்டாவது ஆள் கெடு தேதியைப் பன்னிரண்டுக்கு மாத்தியிருக்கு. காகித பில்லை நிறுத்தியிருக்கு. நவம்பர்ல போன் குறிப்புகளோட நகல் கேட்டு வாங்கியிருக்கு."

"நான் யாரையும் சேர்க்கலியே!"

"கையெழுத்து உங்களுது" என்றாள் வெர்னா. திரையில் விரலால் கிறுக்கியது போன்ற கையெழுத்து. ஆனால் அவருடையதுதான். "அன்னிக்கு என்ன வாங்கினீங்க?"

கிளெமன்ட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஷூ. இந்த ஷூ. எண்பது டாலர். கல்லாவுல அந்தப் பையன், குடும்பத்துல ஒருத்தரைச் சேர்த்தா இன்னிக்கு இருபது பர்சென்ட் தள்ளுபடின்னான். பெவ் சிரிச்சுக்கிட்டே 'என்னைப் போட்டுக்கோங்க, பதினாறு டாலர் மிச்சம்'னா. அந்தச் சின்னத் திரையில கையெழுத்துப் போட்டேன். வரிசையில பின்னாடி ஆளுங்க நின்னாங்க. யாரு படிக்கறா அதையெல்லாம்?"

யாரும் படிப்பதில்லை. டெஸ்மண்ட் தன் பணப்பையில் இருந்த ஆறு கடை கார்டுகளை நினைத்துக்கொண்டான். எதில் யார் பெயர் இருக்கிறதோ.

"பெவர்லி ஸ்டாக்டன்" என்று படித்தாள் வெர்னா. "கணக்கை நிர்வகிக்கும் உரிமையோட. முகவரி, எல்ம் தெரு நானூறு, அறை ஆறு." பிறகு கைப்பையிலிருந்து மனுவை எடுத்து, கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல அச்சிட்டிருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள். "காப்பாளரா யாரைப் போடச் சொல்லிக் கேட்டிருக்காங்கன்னு இங்க இருக்கு. கொலீன் இல்ல. வெள்ளி விளக்கு பராமரிப்பு நிறுவனம். எல்ம் தெரு நானூறு. அறை ஆறு."

கிளெமன்ட் அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார்.

"அவ எனக்கு சூப் கொண்டுவருவா. சிலவேளை உப்பு பாத்துச் சொல்லுங்கம்பா" என்றார்.

"உங்க அண்ணன் பொண்ணுக்குக் கடிதம் எழுதி, இந்தக் குறிப்பையெல்லாம் அனுப்பி, சித்தப்பாவைக் காப்பாத்துங்கன்னு அழுதிருப்பா. அந்தப் பொண்ணும் ரெண்டாயிரம் மைல் தள்ளி இருந்துக்கிட்டு அழுதுக்கிட்டேதான் கையெழுத்துப் போட்டிருக்கும்" என்றாள் வெர்னா.

"டோனட் நான் வாங்கறேன்" என்றான் டெஸ்மண்ட். அவன் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

வெர்னா ஓபல் பக்கம் குனிந்தாள். "இந்த முகவரிக்கு உங்க கடையிலேருந்து வேற எத்தனை கணக்கு போகுது?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க. வேலை போயிடும்."

சொல்லிவிட்டு அவள் விசைகளைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். கவுண்டரில் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த கிண்ணத்திலிருந்து புதினா மிட்டாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஆறாவதில் கை நின்றது.

"எல்லாரையும் எனக்குத் தெரியும்" என்றாள் மிக மெல்ல. "எல்லாரும் இங்க வந்து கட்டறவங்க. உங்களை மாதிரியே."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"இந்த வருஷம் ஒருத்தரையும் பாக்கல. பிள்ளைங்ககிட்ட போயிட்டாங்களாக்கும்னு நினைச்சேன்."

மிட்டாய்களை யாரும் தொடவில்லை. மேலே பாட்டு மாறி, மணிச் சத்தம் கேட்டது.

"இந்தத் தாள் போதும். இன்னிக்கே நல்ல வக்கீலா பாத்துக் குடுப்போம். ஃபீஸைப் பத்தின ஆட்சேபணையையும் எழுத்துலயே அனுப்புவோம், போன்ல ஒரு வார்த்தை கிடையாது. வியாழக்கிழமை வரைக்கும், நமக்குத் தெரியும்கறது அவளுக்குத் தெரியக் கூடாது" என்றாள் வெர்னா.

அப்போதுதான் டெஸ்மண்ட் மாடி ஓரத்துக் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கீழே பார்த்தான். ஒரு பெண் ஒரு மூதாட்டியைக் கல்லாவுக்கு நடத்திக் கூட்டிப் போனாள்.

"சார், பெவ்வுக்குச் செம்பட்டை முடியா? பச்சைக் கோட்டா?"

கிளெமன்ட் எட்டிப் பார்த்தார். ஆமென்று தலையசைத்தார்.

கீழ்த்தளத்துக் கல்லாவில் நின்றிருந்தாள் பெவர்லி ஸ்டாக்டன். சிரித்த முகம். கல்லாமேல் ஒரு ஷூ பெட்டி. அவள் கை பற்றியிருந்தது, ஊதா நிறத் தொப்பி போட்ட, குச்சி ஊன்றிய ஒரு வயதான பெண்மணியின் முழங்கையை. கல்லாக்காரன் ஏதோ மனப்பாடமாக ஒப்பித்தான். 'இருபது பர்சென்ட்' என்பது மட்டும் மேலே வந்து சேர்ந்தது. பெவர்லி அந்தப் பெண்மணியின் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

கிளெமன்ட் நடக்கத் தொடங்கினார்.

வெர்னா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "போகாதீங்க. நீங்க அங்க போய்க் கத்தணும், அதுதான் அவளுக்கு வேணும். போன்ல படம் எடுத்துக் கோர்ட்டுல போட்டுக் காட்டுவா. இவர் நிலைமையைப் பாருங்கன்னுவா. தாளு இருந்தும் தோத்துடுவீங்க. ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க."

"ரெண்டு நாள் நான் பொறுத்துப்பேன். அந்த அம்மா இன்னும் ரெண்டு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுடும்" என்றார் கிளெமன்ட்.

நின்றுபோன மின்படியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். டெஸ்மண்ட் பின்னால் ஓடினான். அந்த மனிதர் கத்தக் கூடாது, விழக் கூடாது, அழக் கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டே ஓடினான். ஜோக் ஒன்றும் வரவில்லை.

கிளெமன்ட் கத்தவில்லை. கல்லாவுக்குப் போய், கையெழுத்துப் போடும் சின்னத் திரையின் மேல் தன் பெரிய உள்ளங்கையை விரித்து வைத்தார். ஊதாத் தொப்பிக்காரப் பெண்மணி எழுதுகோலோடு விழித்தாள்.

"வணக்கம்மா. என் பேர் கிளெமன்ட். நீங்க எந்தத் தேதியில பணம் கட்டுவீங்க?"

"இது என்ன கேள்வி? ஏழாம் தேதி."

"இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த மாசம் ஏழாம் தேதி கட்டினாலும் நீங்க தாமதம். மூணு மாசம் கழிச்சு உங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு கோர்ட்டுலேருந்து காகிதம் வரும். எனக்கு வந்திருக்கு."

பெவர்லியின் சிரிப்பு கலையவே இல்லை. அவள் நிதானமாகக் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, கிளெமன்டின் முகத்துக்கு நேராக உயர்த்தினாள்.

"அய்யோ, கிளெமன்ட் கண்ணு. இங்க எப்படி வந்தீங்க? வழி தெரியாம வந்துட்டீங்களா?" கல்லாக்காரனிடம் திரும்பினாள். "பாவம், இவருக்கு உடம்பு சரியில்ல. அறிமுகம் இல்லாதவங்ககிட்ட எல்லாம் போய் இப்படித்தான். காவலாளியைக் கூப்பிடுங்க, நான் வீட்டுல விட்டுடறேன்."

கல்லாக்காரன் தொலைபேசியை எடுத்தான். வரிசையில் நின்ற இரண்டு பேர் பின்வாங்கினார்கள். அந்தக் கூடத்தில் அவளைத்தான் எல்லோரும் நம்பினார்கள். பார்த்தால் நம்பும்படிதான் இருந்தது: அமைதியான பெண், நடுங்கும் கிழவர்.

கிளெமன்ட் கையை எடுக்கவில்லை. ஊதாத் தொப்பிக்காரப் பெண்மணி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு பெவர்லியின் பிடியிலிருந்து தன் முழங்கையை விடுவித்துக்கொண்டாள்.

"பெவ், கையெழுத்துப் போட்டா இருபது பர்சென்ட் மிச்சம்னுதானே சொன்ன? கோர்ட்டுன்னு இவர் சொல்றாரே, அது என்ன?"

"அவர் உளர்றார்ம்மா."

"உளர்றவர் என் தேதியைக் கேட்டாரு. நீ இதுவரைக்கும் நாலு தடவை கேட்டிருக்க. நல்லா ஞாபகம் இருக்கு." எழுதுகோலைக் கல்லாமேல் வைத்தாள். "ஷூ வேண்டாம். முழு விலையிலயும் வேண்டாம்."

பெவர்லி தொலைபேசியைத் தாழ்த்தினாள். சிரிப்பு அப்போதும் இருந்தது. கண்கள் மட்டும் கிளெமன்டை ஒரு வீட்டின் விலையைக் கணக்குப் போடுவதுபோல அளந்தன. பிறகு அவரை நெருங்கி, அவருக்கும் டெஸ்மண்டுக்கும் மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"நல்லாப் படம் விழுந்திருக்கு. வியாழக்கிழமை வந்துடுவீங்கல்ல, கிளெமன்ட்? நான் வந்து கூட்டிட்டுப் போகணுமா?"

"பத்து மணி. மூணாவது மாடி, முன்னூத்திப் பன்னிரண்டாம் அறை. பதினேழாம் நம்பர் பஸ் ஒன்பது அஞ்சுக்கு" என்றார் கிளெமன்ட். "நான் முன்னாடியே வந்து உனக்கு ஒரு இடம் பிடிச்சு வைக்கறேன்."